பகலில் பளிச், இரவில் இருட்டு... கேமராவைத் திட்டாதீர்கள், வயரைப் பாருங்கள்!

வீட்டில் கேமரா மாட்டியவர்கள் சொல்லும் புகார்களில் இது கொஞ்சம் விநோதமானது. "பகல் பூரா படம் கண்ணாடி மாதிரி தெரியுது தம்பி. ராத்திரி ஏழு மணிக்கு மேல பின்பக்க கேமரா மட்டும் போயிடுது. விடிஞ்சா தானா வந்துடுது."

மெக்கானிக் வருவார். அவர் வருவது பகலில்தான். படம் நன்றாகவே தெரியும். "எல்லாம் ஓகேம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். அன்றைக்கு இரவு மறுபடியும் இருட்டு. மூன்றாவது தடவை வரும்போது கேமராவையே மாற்றுவார். புதுக் கேமராவும் ஏழு மணிக்கு அணையும். "அந்த மூலையே சரியில்லை" என்று பாட்டி எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொல்வார்.

மூலையில் ஒன்றும் இல்லை. குற்றவாளி பைப்புக்குள் மறைந்திருக்கும் வயர்.

கேமரா வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல், என்ன கம்பெனி, போனில் தெரியுமா, ராத்திரியில் கலரில் தெரியுமா என்று ஆயிரம் கேள்வி கேட்கிறோம். வயரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "வயர் நாங்களே போட்டுடுறோம் சார், மீட்டருக்கு இவ்வளவு" என்று சொன்னால் தலையாட்டிவிடுகிறோம். ஆனால், கேமராவை ஐந்து வருடத்தில் மாற்றிவிடலாம். சுவருக்குள் போன வயரை மாற்ற வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டும்.

இதை விளக்குவதற்குச் செஞ்சியைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கோட்டை ஊர், 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் 12-ல் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்தது. அந்த 12-ல் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ஊருக்குள் காந்தி பஜார் பக்கம் போனால் ஒட்டி ஒட்டி வீடும் கடையும். திண்டிவனம் சாலையிலோ திருவண்ணாமலை சாலையிலோ கொஞ்சம் தள்ளிப் போனால் நெல்லும் மல்லாட்டையும் விளையும் நிலத்துக்கு நடுவே தனி வீடு, பின்னால் மாட்டுக்கொட்டகை, தூரத்தில் மோட்டார் ஷெட். பாறை பூமி, கொளுத்தும் வெயில், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, நெல் மூட்டையைத் தேடி வரும் எலி, மலையிலிருந்து இறங்கி வரும் குரங்கு. ஒரு வயருக்கு என்னென்ன சோதனை உண்டோ அத்தனையும் ஒரே ஊரில்!

ஏழு மணிக்கு என்ன நடக்கிறது?

பகலில் கேமராவுக்கு வேலை குறைவு. சூரியன் வெளிச்சம் தருகிறது. இருட்டியதும் கேமராவுக்குள் இருக்கும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். இருட்டில் பார்த்தால் லென்ஸைச் சுற்றி மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியுமே, அவைதான். அந்த நேரத்தில் கேமரா எடுத்துக்கொள்ளும் கரன்ட் பகலைப்போல இரண்டு மடங்குவரை ஆகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட்டில் ஓடும் கேமரா. பகலில் 0.3 ஆம்பியர், இரவில் 0.6 ஆம்பியர் எடுக்கிறது. வாசலில் இருக்கும் பெட்டியிலிருந்து கொட்டகை வரை 40 மீட்டர் வயர். அந்த வயர் அசல் செம்பாக இருந்தால், இரவில் வழியிலேயே சுமார் 2 வோல்ட் காணாமல் போகும். கேமராவுக்கு 10 வோல்ட் போய்ச் சேரும். விளிம்புதான், ஆனாலும் தாக்குப்பிடிக்கும். அதுவே அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய வயர் என்றால், மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பகலில் 10.4 வோல்ட் போய்ச் சேரும், படம் பளிச். இரவில் 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். கேமரா அணையும். அணைந்ததும் விளக்கு அணையும், கரன்ட் குறையும், வோல்டேஜ் ஏறும், கேமரா மறுபடி உயிர்பெறும். உயிர்பெற்றதும் விளக்கு எரியும், மறுபடி அணையும். விடியும்வரை இதே கூத்து.

பாட்டியின் எலுமிச்சம்பழத்துக்கு வேலையே இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிதான் காரணம்.

வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், கேமரா எதற்காக மாட்டப்பட்டதோ அந்த நேரத்தில்தான் அது கண்ணை மூடிக்கொள்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு முக்கியம்?

2016 ஜூன் 24 காலை, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம் மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். மாநகரின் நடுவே இருக்கும் அந்த ரயில் நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. போலீஸுக்குக் கிடைத்த முதல் படங்கள், அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் தனியார் மாட்டியிருந்த கேமராக்களிலிருந்து வந்தவை. யாரோ தன் வாசலுக்காக மாட்டிய கேமரா, ஊரே பேசிய ஒரு வழக்கில் சாட்சியானது. பிறகு ஏ.கே.விஸ்வநாதன் சென்னை கமிஷனராக இருந்த காலத்தில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருத்தெருவாக கேமரா மாட்டும் இயக்கம் நடந்தது.

நகரத்துக் கதை அது. கிராமத்து வீடுகளின் கதை இன்னும் கவலை தருவது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டிலேயே ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்டார்கள். இரண்டுமே ஊரைவிட்டுத் தள்ளியிருந்த வீடுகள்.

கொங்கு நாட்டில் நடந்ததைப் படித்துவிட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகள் தங்கள் ஊருக்குப் போன் போட்டார்கள். "அம்மா, உடனே கேமரா போட்டுடலாம்." செஞ்சிப் பக்கமும் அப்படிப்பட்ட அம்மா அப்பாக்கள் நிறைய. தூரத்தில் இருக்கும் மகள் தூங்கப் போகும் முன் போனைத் திறந்து வாசலை ஒரு பார்வை பார்க்கிறாள். அந்த நேரத்தில் திரையில் 'வீடியோ லாஸ்' என்று வந்தால் அவள் தூக்கம் போச்சு.

திருடனுக்குத் தெரிந்த வித்தியாசம்

கிராமத்தில் மோட்டார் ஷெட்டுகளில் வயரை அறுத்துக்கொண்டு போகிறவர்கள், உள்ளே இருக்கும் செம்புக்காகத்தான் அதைச் செய்கிறார்கள். எடைக்குப் போட்டால் எது காசு, எது காசில்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். காசு கொடுத்து வாங்குகிற நமக்குத்தான் தெரிவதில்லை.

கடையில் கிடைக்கும் நெட்வொர்க் வயர், பெரும்பாலும் 305 மீட்டர் கொண்ட பெட்டியாக வரும். அதாவது 1,000 அடி. உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. வெளியிலிருந்து பார்த்தால் அசலும் போலியும் ஒன்றுதான். செம்பு முலாம் பூசிய அலுமினியத்தை வியாபாரிகள் 'சி.சி.ஏ' என்பார்கள். அசல் செம்பின் விலையில் பாதிக்கும் கீழேகூட இது கிடைக்கும். அமெரிக்காவின் டி.ஐ.ஏ 568 தரநிலைப்படி சி.சி.ஏ வயரை 'கேட் 5இ' என்றோ 'கேட் 6' என்றோ அழைக்கவே கூடாது. செம்பு மட்டும்தான் அந்தப் பெயருக்கு உரியது. ஆனாலும் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 'கேட் 6' என்று அச்சடித்து விற்கிறார்கள்.

கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். அலுமினியத்தின் எடை செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. 305 மீட்டர் அசல் செம்பு கேட் 6 பெட்டி பத்து கிலோ அளவில் இருக்கும். ஆறு, ஏழு கிலோதான் என்றால் அந்தப் பெட்டி அலுமினியமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கடைக்காரரிடம் தராசு இல்லாமலா இருக்கும்?

அடுத்து, துண்டு வயர் ஒன்றை வாங்கி ஒரு கம்பியின் மேல் பிளேடால் சுரண்டுங்கள். சிவப்புக்கு உள்ளேயும் சிவப்பு என்றால் செம்பு. வெள்ளி நிறம் எட்டிப்பார்த்தால் அலுமினியம். இன்னொரு சோதனையும் உண்டு. பெரியவர்கள் மட்டும், வெட்டவெளியில் செய்து பார்க்கலாம். பிளாஸ்டிக்கை உரித்த கம்பியை இடுக்கியால் பிடித்து லைட்டர் நெருப்பில் காட்டினால், அலுமினியம் துவண்டு உருகி அறுந்து விழும். 660 டிகிரியிலேயே உருகுகிற உலோகம் அது. செம்பு சிவந்து நிற்கும், அவ்வளவுதான். அது உருக 1,085 டிகிரி வேண்டும்.

வயரின் மேலுறையில் என்ன அச்சடித்திருக்கிறது என்றும் பாருங்கள். 'சாலிட் பேர் காப்பர்' என்று இருந்தால் நல்லது. 'சி.சி.ஏ' என்று சிலர் நேர்மையாகவே போட்டிருப்பார்கள். எதுவுமே போடவில்லை என்றால் அந்த மௌனமே பதில். ஒவ்வொரு மீட்டருக்கும் எண் அச்சடித்திருப்பார்கள். பெட்டியில் நிஜமாகவே 305 மீட்டர் இருக்கிறதா, எத்தனை மீட்டர் நம் வீட்டில் ஓடியிருக்கிறது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். மீட்டர் கணக்கில் பில் போடுகிறவரிடம் இதைச் சொன்னாலே பாதி கணக்கு சரியாகிவிடும்.

5இ-யா, 6-ஆ?

இந்தக் கேள்வியில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். 6 என்பது 5-ஐவிடப் பெரிய எண். அதனால் நல்லது என்று மனசு சொல்லும்.

உண்மையில், நான்கு மெகாபிக்சல் கேமரா ஒன்று வயரில் அனுப்புவது நொடிக்கு 4 முதல் 8 மெகாபிட் வரைதான். கேட் 5இ வயர் 100 மீட்டர் தூரம்வரை நொடிக்கு 1,000 மெகாபிட்டைத் தாங்கும். மாட்டுவண்டி போகும் பாதைக்கு எட்டு வழிச்சாலை! வேகத்துக்காக கேட் 6 வாங்க வேண்டிய அவசியமே வீட்டு கேமராவுக்குக் கிடையாது. கேட் 6-ல் கம்பி கொஞ்சம் தடிமனாக இருப்பதால் மின்தடை சற்றுக் குறையும். அது ஒன்றுதான் நமக்கு லாபம். வீடு கட்டும்போதே போடுவதாக இருந்தால், நாளைக்கு எது வேண்டுமானாலும் வரட்டும் என்று கேட் 6 போடலாம், தப்பில்லை.

ஆனால் பட்ஜெட் இடிக்கிறது, இரண்டில் ஒன்றுதான் என்றால் யோசிக்கவே வேண்டாம். அசல் செம்பு கேட் 5இ, சி.சி.ஏ கேட் 6-ஐவிட எல்லா வகையிலும் மேல். வயர் விஷயத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கேட் 7, கேட் 8 என்று யாராவது வீட்டு கேமராவுக்கு விற்க வந்தால், டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஏற்கெனவே பழைய டி.வி.ஆர் பெட்டியும் '3+1' வயரும் போட்டிருக்கிறவர்கள் பதற வேண்டாம். ஒரு கோ-ஆக்ஸ் வயர் படத்துக்கு, மூன்று மெல்லிய வயர் கரன்ட்டுக்கும் சவுண்டுக்கும் என்று சேர்ந்து வரும் வயர் அது. படம் நன்றாக வந்தால் அதைப் பிடுங்கிப் போட ஒரு காரணமும் இல்லை. அங்கேயும் ராத்திரி மட்டும் கேமரா அணைந்தால், அந்த மெல்லிய கரன்ட் வயர்தான் காரணமாக இருக்கும். கேமராவுக்குப் பக்கத்திலேயே தனி அடாப்டர் வைத்தால் பல நேரம் அதோடு சரியாகிவிடும்.

ஒரே வயரில் படமும் கரன்ட்டும்

நெட்வொர்க் வயரின் பெரிய வசதி, படத்தைக் கொண்டுவரும் அதே வயரில் கேமராவுக்குக் கரன்ட்டும் போவது. 'பவர் ஓவர் ஈதர்நெட்', சுருக்கமாக 'பி.ஓ.இ' என்பார்கள். 2003-ல் வந்த 802.3ஏ.எஃப் என்ற தரநிலைப்படி ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 2009-ல் வந்த 802.3ஏ.டி-யில் 30 வாட். சாதாரண வீட்டு கேமராவுக்கு முதல் ரகமே தாராளம். சுழலும் கேமராவுக்கு இரண்டாவது தேவைப்படலாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தரநிலைப்படி செய்த பி.ஓ.இ சுவிட்ச், 48 வோல்ட் அளவில் கரன்ட்டை அனுப்பும். வோல்டேஜ் அதிகம் என்றால் அதே வேலைக்குக் கரன்ட் குறைவாகப் போதும். வழியில் இழப்பும் குறையும். மேலே பார்த்த அதே 40 மீட்டர், அதே கேமரா. 48 வோல்ட்டில் அனுப்பினால் அசல் செம்பில் அரை வோல்ட், சி.சி.ஏ-வில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் இழப்பு. கேமரா அசையாது.

இன்னொரு வகை, கையளவு நீளத்தில் இரண்டு வால் கொண்ட ஸ்ப்ளிட்டர். ஜோடி நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 12 வோல்ட் அடாப்டரை ஒரு முனையில் செருகி, வயரின் உபயோகமில்லாத ஜோடிகளில் கரன்ட்டைத் தள்ளிவிடுவார்கள். பெட்டியில் இதற்கும் 'பி.ஓ.இ' என்றே பெயர். பத்து மீட்டருக்குள் என்றால் ஓடும். கொட்டகை வரை இழுத்தால், ஏழு மணிக் கதைதான்.

"அப்போ நல்ல சுவிட்ச் வாங்கிட்டு மலிவு வயரே போட்டுக்கலாமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் வருடம் ஓடிவிடும். ஆனால், அலுமினியக் கம்பி மடங்கினால் சீக்கிரம் ஒடியும். கிரிம்ப் செய்த முனையில் காற்றுபட்டு மேலே ஒரு படலம் பிடிக்கும், அது கரன்ட்டைத் தடுக்கும். ஈரமும் சேர்ந்தால் செம்பும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் அரிப்பு வேகமாகும். மூன்றாவது மழைக்காலத்தில் எந்தக் கேமரா எந்த நேரத்தில் போகும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியிருக்கும்.

கம்பியில்லா வைஃபை கேமராவே போதுமே என்பவர்களும் உண்டு. வாடகை வீட்டுக்குச் சரி. ஆனால், அதற்கும் கரன்ட்டுக்கு வயர் வேண்டும் என்பதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். கருங்கல் சுவர் வைத்த பழைய வீடுகளில் வைஃபை அடுத்த அறைக்குப் போவதற்கே திணறும்.

வெயில், மழை, எலி, குரங்கு

வீட்டுக்குள் ஓடும் சாம்பல் நிற, நீல நிற வயரை அப்படியே மொட்டைமாடியில் இழுத்துவிடுவது எங்கும் நடக்கிறது. அதன் மேலுறை பி.வி.சி. செஞ்சி வெயிலில் இரண்டு மூன்று கோடை தாண்டினால் வெளுத்து, வெடித்து, தொட்டால் உதிரும். வெளியில் ஓடுவதற்கென்றே கறுப்பு நிற பாலிஎத்திலீன் உறை போட்ட வயர் இருக்கிறது. மண்ணுக்கடியில் போட வேண்டுமென்றால், தண்ணீர் புகாதபடி உள்ளே ஜெல் நிரப்பியது. எதுவாக இருந்தாலும் பைப்புக்குள் போடுவது நல்லது.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். செஞ்சிக்குக் கிழக்கே இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே நடந்துவந்து கேமராவின் கனெக்டரில் இறங்கும். இதற்கு மருந்து, காசே இல்லாத ஒரு வேலை. கேமராவுக்குள் நுழையும் முன் வயரைக் கீழே தொங்கவிட்டு, வளைத்து, மேல்நோக்கி ஏற்ற வேண்டும். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். கனெக்டரைக் கேமராவோடு வரும் ரப்பர் மூடிக்குள் போட்டு, கேமராவின் பின்னால் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் அடைத்துவிட வேண்டும். அந்த ரப்பர் மூடி பல வீடுகளில் அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்கும்.

நெல் மூட்டை அடுக்கும் வீட்டில் எலி இருக்கத்தான் செய்யும். வயரில் அதற்குச் சத்து ஒன்றும் இல்லை. வளர்ந்துகொண்டே இருக்கும் பல்லைத் தேய்க்கக் கடிக்கிறது. தரையை ஒட்டியும் பரணிலும் ஓடும் பகுதிக்குத் தடிமனான பைப், முடிந்தால் ஜி.ஐ பைப். பைப்பின் இரண்டு வாயையும் அடைக்க மறந்தால், எலிக்குப் பாதுகாப்பான சுரங்கப்பாதை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

குரங்குக்கு வேறு கணக்கு. தொங்குகிற எதையும் அது பிடித்து ஆடும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே அந்தரத்தில் வயர் தொங்கினால் அது ஊஞ்சல். சுவரோடு சுவராக ஒட்டி, கிளாம்ப் அடித்துக் கொண்டுபோவது ஒன்றுதான் வழி.

வீட்டு கரன்ட் வயர் போகிற பைப்பிலேயே இதையும் திணிப்பது இன்னொரு வழக்கம். ஆள் மிச்சம், பைப் மிச்சம். ஆனால் படத்தில் கோளாறும் வரும்; எங்காவது 230 வோல்ட் கசிந்தால் கேமராவும் பெட்டியும் சேர்ந்தே போகும், தொடுகிறவருக்கும் ஆபத்து. ஓர் அடியாவது தள்ளித் தனி பைப் வேண்டும். வழியில் குறுக்கிட்டே ஆக வேண்டும் என்றால், செங்குத்தாகக் கடக்கட்டும்.

மோட்டார் ஷெட்டுக்கு எப்படிப் போவது?

நெட்வொர்க் வயருக்கு எல்லை 100 மீட்டர். கேட் 5இ, கேட் 6 இரண்டுக்குமே இதுதான். 150 மீட்டர் தள்ளியிருக்கும் மோட்டார் ஷெட்டுக்கு "நடுவுல ஒரு ஜாயின்ட் போட்டு இழுத்துடலாம்ணா" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். ஜாயின்ட் தூரத்தைக் கூட்டாது, கோளாறைத்தான் கூட்டும்.

தூரத்தைவிடப் பெரிய பிரச்னை இடி. பக்கத்து மரத்தில் மின்னல் விழுந்தால்கூட, திறந்தவெளியில் நீண்டு கிடக்கும் செம்பு வயரில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குப் பெரிய மின்னழுத்தம் பாயும். ஒரு முனையில் கேமரா காலி, மறு முனையில் பெட்டி காலி. பெட்டி வழியாக மற்ற கேமராக்களும் போகலாம். "சர்ஜ் புரொடெக்டர் போட்டா போதும்" என்பார்கள். போடலாம்தான். ஆனால், அது தாங்கிய அதிர்ச்சியை இறக்கிவிட நல்ல எர்த் வேண்டும். செஞ்சி மாதிரி பாறை பூமியில் நல்ல எர்த் கிடைப்பதே குதிரைக்கொம்பு. நாலடி தோண்டினால் பாறை. எர்த் சரியில்லாத சர்ஜ் புரொடெக்டர், வடிகால் இல்லாத தாழ்வாரம்.

இந்த இடத்தில் செம்பையே விட்டுவிடுங்கள். ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் ஒளிதான் போகிறது. மின்னல் அதை ஒன்றும் செய்யாது. 100 மீட்டர் என்ன, கிலோமீட்டர் கணக்கில் போகும். இரண்டு முனையிலும் 'மீடியா கன்வெர்ட்டர்' என்ற சின்னப் பெட்டி வேண்டும். முனை ஒட்டுவதற்கு ஊருக்குள் ஆள் தேடி அலைய வேண்டாம். வீடுகளுக்கு ஃபைபர் இன்டர்நெட் கொடுக்கும் கேபிள் டி.வி-காரரிடம் அதற்கான மெஷின் இருக்கும். வாங்கும்போது கரன்ட் கம்பியோ இரும்புக் கம்பியோ சேராத ஃபைபரா என்று கேட்டு வாங்க வேண்டும். உலோகம் கலந்திருந்தால் மின்னலுக்கு மறுபடி வழி விட்ட மாதிரி. ஒரே குறை, ஃபைபரில் கரன்ட் போகாது. ஷெட்டில் கேமராவுக்குத் தனியாகக் கரன்ட் ஏற்பாடு வேண்டும். அது முடியாத இடத்தில் சிம் கார்டு போட்ட சோலார் கேமராதான் வழி.

கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கல்யாண மஹாலை வாய் பிளந்து பார்ப்பார்கள். அதன் மேல் நிலைக்குத் தண்ணீர் கொண்டுபோன சுடுமண் குழாய்களைப் பார்க்கிறவர்கள் குறைவு. அந்தக் காலத்துக் கொத்தனார் குழாய்க்கும் மெனக்கெட்டிருக்கிறார்.

பதிவு எத்தனை நாள் இருக்கும்?

வயர் சரி, கேமரா சரி, படமும் வருகிறது. அது பதிவாகிறதா? 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் சித்ரவதை செய்யப்பட்டு இறந்த வழக்கில், விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் ஒரு விஷயத்தைப் பார்த்தார். அங்கே கேமரா இருந்தது, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது. ஆனால், பதிவுகள் தினமும் தானாக அழிந்துவிடும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. அந்த இரவின் படம் இல்லை. வீட்டு கேமராவிலும் இதைத் திறந்து பார்ப்பவர் கிடையாது.

நான்கு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் என்றால், ஒரு நாளைக்கு சுமார் 86 ஜிகாபைட். ஒரு டெராபைட்டில் 11 நாள் இருக்கும். படத்தின் தரத்தைக் கூட்டினால் நாள் குறையும். மகன் லீவுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால், அவர் வருவதற்குள் அழிந்திருக்கும். கரன்ட் போனால் பெட்டியும் பி.ஓ.இ சுவிட்சும் ஓட ஒரு யு.பி.எஸ் வேண்டும். பி.ஓ.இ-யின் இன்னொரு சௌகர்யம் இது, ஒரே யு.பி.எஸ் எல்லாக் கேமராவையும் தாங்கிவிடும்.

மெக்கானிக்கிடம் என்ன பேசுவது?

சண்டை போட வேண்டாம். வேலை தொடங்கும் முன்பே, "தம்பி, வயர் நாங்களே வாங்கித் தந்துடுறோம். நீங்க கூலி மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிவிடுவது உத்தமம். நல்ல மெக்கானிக் சந்தோஷப்படுவார். மறுபடி மறுபடி வந்து திட்டு வாங்கும் வேலை அவருக்கு மிச்சம். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரே துண்டாக, நடுவில் ஒட்டுப்போடாமல் இழுக்கச் சொல்லுங்கள். வாசலுக்கும் கொட்டகைக்கும் ஒன்றுக்கு இரண்டாக இழுத்துவைத்தால், ஒன்று போனாலும் சுவரை உடைக்க வேண்டியதில்லை. முனையில் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று வரிசை இருக்கும். இரண்டு முனையிலும் ஒரே வரிசைதானா என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம். பார்ப்பதற்கு அழகாக இருக்கிறதே என்று ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டால், சின்னத் தூரத்தில் ஓடும், பெரிய தூரத்தில் காலை வாரும்.

முக்கியமாக, பாக்கிப் பணத்தைப் பகலில் கொடுக்காதீர்கள். இரவு எட்டு மணிக்கு எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் ஓடுகிறதா என்று அரை மணி நேரம் போனில் பாருங்கள். இரண்டு மூன்று இரவு ஓடிய பிறகு மிச்சத்தைக் கொடுக்கலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

வேலை முடிந்த அன்றே ஒரு தாளில் வீட்டின் படத்தை வரைந்து, எந்த வயர் எந்தச் சுவர் வழியே எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது உதவும். மூடும் முன் சுவர்களைப் போனில் ஒரு வீடியோவும் எடுத்துவிடலாம். அந்தத் தாளைப் பதிவுப் பெட்டியோடு சேர்த்து வைக்காதீர்கள். விவரம் தெரிந்த திருடன் முதலில் தூக்குவது அந்தப் பெட்டியைத்தான். பெட்டியை டி.வி-க்கு அடியில் வைக்காமல் பரணிலோ பூட்டிய அலமாரியிலோ ஒளித்துவையுங்கள். தாள், ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கும் பீரோவில் இருக்கட்டும். அதன் ஒரு நகலைப் போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள்.